சனிக்கிழமை வாய்க்கட்டு

எழுதிப் பழக்கமில்லாதவள் நான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோயிற்று. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் அம்மாவுக்குப் போட்ட கடுதாசிகள்தான். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கக் கூசுகிறவள், ஊரார் படிக்கும்படி ஒன்றை எழுத உட்காருவது அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்கே தெரிகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

போன ஆவணியில் பழனிப் பக்கமிருந்து பூ ஏற்றி வந்த வண்டிக்காரர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார், அக்கா இறந்துவிட்டார் என்று. எங்கள் வீட்டில் யாரும் தலை முழுகவில்லை. முழுக வேண்டிய உறவு அறுந்து வெகு காலம் ஆகிவிட்டது. நான் மட்டும் வெயிலுக்குக் குளிக்கிறவள் போலக் கிணற்றடிக்குப் போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டேன். அன்றிலிருந்து இதை எழுத வேண்டும் என்று இருந்தது.

அவருடைய பெயரை எழுதப் போவதில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் சொல்ல வேண்டும், பதில் சொல்ல வாயைத் திறக்க வேண்டும். அதனால் யாராவது உரக்கப் பெயரைச் சொன்னாலே பதறுவார். இங்கேயும் கூப்பிடாமல் விட்டுவிடுகிறேன்.

அவர் எனக்கு ஓரகத்தி. என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி. பிறந்த ஊர் நெய்க்காரப்பட்டி. நாங்கள் வாக்கப்பட்டது தாடிக்கொம்புக்குப் பக்கத்தில், பூ விவசாயம் பார்க்கிற வீடு. மல்லிகை, செவ்வந்தி, மரிக்கொழுந்து, ஓரத்தில் துளசி. அறுபதாம் வருஷத்தையொட்டி நான் மருமகளாகப் போனபோது அக்கா அங்கே வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. குழந்தை இல்லை.

நான் வீட்டுக்குள் கால் வைத்த அன்று ஆரத்தித் தட்டின் ஒரு பக்கத்தை உறவுக்காரப் பெண் ஒருத்தி பிடிக்க, மறுபக்கத்தை அக்கா ஒற்றைக் கையால் பிடித்திருந்தார். இன்னொரு கை முந்தானையைச் சுருட்டி வாயைப் பொத்தியிருந்தது. "வாங்க" என்ற சத்தம் துணிக்குள்ளிருந்து வந்தது. சொன்னவுடன் முகத்தைத் தோள் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் வந்தது இவருக்குப் பிடிக்கவில்லை போல என்று நினைத்தேன். ஊரும் அப்படித்தான் நினைத்திருந்தது. "நெய்க்காரப்பட்டிக்காரிக்கு நம்ம மூஞ்சியப் பாத்துப் பேசினாக் கொறஞ்சு போகும்" என்று தண்ணீருக்கு வந்த இடத்தில் பெண்கள் சொன்னார்கள்.

சில நாளில் எனக்குக் காரணம் புரிந்தது. ஒருநாள் அடுப்படியில் குனிந்து ஏதோ சொன்னவர் முந்தானையை வாயில் வைக்க மறந்துவிட்டார். வாடை வந்தது. தண்ணீர் மாற்றாத பூச்சாடியில் வருமே, அந்த மாதிரி. என் முகம் எப்படி மாறியதோ தெரியாது. அவர் பார்த்துவிட்டார். அன்று முழுக்க என் பக்கமே வரவில்லை.

அவரைப் போலப் பல் விளக்கிய மனுஷியை நான் கண்டதில்லை. விடிவதற்கு முன்னே வேப்பங்குச்சியோடு கிணற்றடியில் நிற்பார். பிறகு அடுப்புக்கரி. சாப்பிட்டதும் உப்பு. சாயங்காலம் செங்கலைப் பொடித்துச் சலித்து வைத்திருப்பதை விரலில் எடுத்துத் தேய்ப்பார். தேய்த்துத் தேய்த்துத் துப்பும்போது எச்சில் சிவப்பாக இருக்கும். அதைத் தண்ணீர் விட்டு மறைத்துவிடுவார். அத்தை, அதாவது எங்கள் மாமியார், பார்த்துக்கொண்டே போவார். "இன்னும் நல்லா தேயி. பெறந்த வீட்ல ஒழுங்கா வெளக்கியிருந்தா இந்தக் கதி வந்திருக்குமா?" என்பார். அத்தை கெட்டவர் இல்லை. எங்கள் ஊரில் வாய் நாறினால் அது விளக்காத வாய். வேறு காரணம் யாருக்கும் தெரியாது. அக்காவுக்கும் தெரியாது. அதனால் எதிர்த்துப் பேச மாட்டார். இன்னும் கொஞ்சம் கரியை எடுத்துக்கொள்வார்.

சாப்பிடும்போது சுவரைப் பார்த்து உட்காருவார். கறிக்குழம்பு வைத்த அன்றைக்குத் துண்டுகளை என் தட்டுக்குத் தள்ளிவிடுவார். "எனக்கு ஆகாதுங்க, நீங்க சாப்புடுங்க." நான் அவரைவிடச் சின்னவள். என்னையும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார். அது அவர்கள் ஊர் வழக்கம். கறி ஆகாது என்பது பொய். கடைவாயில் மெல்ல முடியாது, அதுதான் உண்மை. இருபத்தைந்து வயதுக்காரி சோற்றைக் கிழவி மாதிரி முன்பல்லால் அரைத்து விழுங்கிக்கொண்டிருந்தார்.

இப்படி வாயை மூடிக்கொண்டே இருந்தவர் வாரத்தில் ஒரு வேளை மட்டும் பேசுவார். அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

எங்கள் வீட்டிலிருந்து சனிக்கிழமைதோறும் பெருமாளுக்கு ஒரு மாலை போகும். மாமாவின், அதாவது மாமனாரின், தகப்பனார் காலத்து நேர்த்திக்கடன். அந்த மாலையை வீட்டுப் பெண்கள்தான் கட்ட வேண்டும். குளித்துவிட்டு, மூக்கையும் வாயையும் சேர்த்து ஈரத்துணியால் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். சாமிக்குப் போகிற பூவை மனுஷர் மோந்துவிடக் கூடாது, மூச்சும் எச்சிலும் படக் கூடாது என்பதற்காக. அத்தை, அக்கா, நான், மூன்று பேரும் பூக்குவியலைச் சுற்றி உட்காருவோம். மூன்று பேர் முகத்திலும் கண்கள் மட்டும் தெரியும்.

துணியைக் கட்டி முடிச்சுப் போட்ட நிமிஷத்தில் அக்கா வேறு ஆளாகிவிடுவார். எல்லாருக்கும் வாய் மூடியிருக்கிறது, அதனால் அவர் வாய் திறந்துகொள்ளும்.

பூ மண்டித் தரகர் தராசைப் பிடிக்கிற மாதிரி செய்து காட்டுவார். மாமா குறட்டை விடுவது, பக்கத்து வீட்டுக்காரி கோழியைத் திட்டுவது எல்லாம் வரும். அத்தை சிரிப்பை அடக்கத் தெரியாமல் நாரைக் கீழே போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொள்வார்.

"ஏனுங்க அத்தை, நாம இம்புட்டுக் கட்டிக்கறமே, ஐயர் வாய்க்கட்டு இல்லாமத்தானுங்களே மந்திரம் சொல்றாரு?"

"அடியே, வாய மூடு."

"மூடித்தானுங்களே இருக்குது."

'இம்புட்டு' என்ற சொல்லை எங்கள் ஊரில் கற்றுக்கொண்டு அதன் வாலில் 'ங்க' சேர்த்துப் பேசுவார். அதற்கே நாங்கள் சிரிப்போம். பூவும் அவர் கையில் பேசும். செவ்வந்தியை எடுத்து நாரில் வைக்கிற வேகம் கண்ணுக்குத் தெரியாது. மாலை முடிந்ததும் அத்தை துணியை அவிழ்ப்பார், நான் அவிழ்ப்பேன். அக்கா கடைசியில், அடுப்படிக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவிழ்ப்பார். திரும்பி வரும்போது முந்தானை வாயில் இருக்கும். அடுத்த சனிக்கிழமை வரைக்கும் அவ்வளவுதான்.

ஒரு மார்கழிச் சனிக்கிழமை அவர் அவிழ்த்து வைத்த துணியை அத்தை துவைக்க எடுத்தார். உள்மடிப்பில் இரத்தக் கறை. அதைச் சுற்றி மஞ்சளாக ஒரு வட்டம்.

"இதைக் கட்டிக்கிட்டா சாமிக்குப் பூக் கட்டுன?"

அக்கா முந்தானையை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"சீயும் ரத்தமும். இந்த வாயோட. இனிமே நீ மாலைக்கு உக்கார வேணாம். மார்க்கெட்டுப் பூவைக் கட்டு, போதும்."

அத்தை கத்தவில்லை. சாமி காரியத்தில் தப்பு நடந்துவிட்டதே என்ற பயம்தான் அந்தக் குரலில் இருந்தது. மாலை அதற்குள் கோயிலுக்குப் போய்விட்டிருந்தது. அன்று அத்தை சாப்பிடாமல் இருந்தார்.

அடுத்த சனிக்கிழமை நானும் அத்தையும் மட்டும் உட்கார்ந்தோம். எனக்குப் பேசத் தெரியாது. நார் உரசுகிற சத்தம்தான் கேட்டது. பாதி மாலையில் அத்தை, "என்ன, ஒரே ஊமையாட்டம் இருக்கு" என்றார். சொல்லிவிட்டு அடுப்படிப் பக்கம் பார்த்தார். பிறகு குனிந்துகொண்டார். அடுப்படியில் அக்கா பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே விளக்கி வைத்த பாத்திரங்கள்.

நான் என் வீட்டுக்காரரிடம் எதையும் கேட்டு வாங்குகிறவள் இல்லை. அன்றைக்குக் கேட்டேன். திண்டுக்கல்லில் பல்லுக்கென்றே ஒரு டாக்டர் இருக்கிறாராமே, அக்காவைக் கூட்டிப் போகலாமா என்று. அவர் அண்ணனிடம் சொன்னார். அண்ணன், "செலவு அவ அண்ணன் பாத்துக்கிட்டாச் சரி" என்றாராம். அவர் எதையும் அப்படித்தான் சொல்வார். சந்தைக்குப் பூக்கூடை போகிற வண்டியில் எங்கள் இரண்டு பேரையும் ஏற்றிவிட்டார்கள்.

டாக்டர் ஒரு முஸ்லிம் பெரியவர். ஒல்லியான மனிதர், தலையில் தொப்பி. கீழே தோல் மண்டி, மாடியில் அவருடைய அறை. நாற்காலியில் உட்கார்ந்த அக்கா முந்தானையை எடுக்கவே இல்லை. டாக்டர் அவசரப்படுத்தவில்லை. கையைக் கழுவினார், துடைத்தார். பிறகு ஒரு வெள்ளைத் துணியை எடுத்துத் தன் மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டிக்கொண்டார். அதைப் பார்த்ததும் அக்காவின் கை தானாக இறங்கிவிட்டது.

முதலில் ஈறை விரலால் அழுத்திப் பார்த்தார். பல் ஓரமாகச் சீழ் எட்டிப் பார்த்தது. கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்றைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் விட்டார். மற்ற பற்களில் அது நுனியோடு நின்றது. கடைவாயின் முதல் பெரிய பல்லுக்கு வந்தபோது உள்ளே இறங்கிக்கொண்டே போயிற்று. இரண்டு கருவிகளின் காம்பைப் பல்லின் இருபுறமும் வைத்து அசைத்தார். மேலிருந்து அழுத்தினார். இடது பக்கத்துக் கீழ்ப்பல் சேற்றில் ஊன்றிய குச்சி மாதிரி அமுங்கி எழும்பியது. பிறகு வளைந்த கம்பி ஒன்றால் வேருக்கும் வேருக்கும் இடையில் துழாவினார். மேலும் கீழும், இரண்டு பக்கமும், ஒவ்வொன்றாக. அவருடைய முகத்தில் சுளிப்பு வருகிறதா என்று அக்கா அவர் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். வரவில்லை.

"எதை வச்சும்மா வெளக்குறீங்க?"

"வேப்பங்குச்சிங்க. கரிங்க. உப்புங்க." பிறகு குரலைத் தாழ்த்தி, "செங்கப்பொடியுங்க."

"அதான் ஈறெல்லாம் கீறிக் கெடக்கு. பொடி, கரி எல்லாத்தையும் இன்னையோட விட்டுருங்க. உங்க பல்லு என் பல்லைவிடச் சுத்தமா இருக்கு."

அக்கா அவரைப் பார்த்தார்.

"இது அழுக்கால வந்ததில்லம்மா. பல்லுல சொத்தைகூட இல்ல. பல்லு ஊணி நிக்கிற எலும்பு உள்ளுக்குள்ள கரைஞ்சு போயிருக்கு. அந்தப் பள்ளத்துல சீழ் தங்குது, அதான் வாடை. சில பேருக்குச் சின்ன வயசுலயே, இந்தப் பெரிய பல்லுங்களுக்கும் முன்பல்லுக்கும் மட்டும் இப்படி வருது. ஏன்னு எங்களுக்கே சரியாத் தெரியல."

"அழுக்கில்லீங்களா?"

"இல்லம்மா."

"அழுக்கில்லீங்களா?"

டாக்டர் மறுபடியும் இல்லை என்றார். அக்கா அழுதார். வாயை மூடாமல் அழுதார். யாரும் சொல்லாமல் அவர் தானாக வாய் திறந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். பிறகு, "உங்க வீட்ல வேற யாருக்கும் இப்படி உண்டா? அம்மாவுக்கு?" என்று கேட்டார்.

"அம்மாவுக்குப் பல்லே இல்லீங்க. நான் சின்னப்புள்ளையா இருக்கையிலயே விழுந்துபோச்சுங்க."

டாக்டர் தலையாட்டினார். மதுரைக்குப் போய் எக்ஸ்ரே படம் பிடித்து வரச் சொன்னார்.

படம் வந்த பிறகு அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து எங்கள் இரண்டு பேருக்கும் காட்டினார். வேரைச் சுற்றி வெளுப்பாக இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக இருந்தது. இடது கீழ்ப்பல் எதன் மேலும் நிற்கவில்லை, சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. அதையும் மேலே ஒன்றையும் எடுத்துவிட வேண்டும் என்றார். மேலே இன்னொன்றுக்கு ஈறை விலக்கிச் சுத்தம் செய்தால் நிற்கலாம். வலது கீழ்ப்பல்லிடம் வந்ததும் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கு ரெண்டு வேரு. பின்வேருக்கு எலும்பு இல்ல. முன்வேரு நல்லா ஊணி நிக்குது. பல்லை ரெண்டா அறுத்து, பின்பாதியை எடுத்துட்டு முன்பாதியை வச்சுக்கலாம். பாதிப் பல்லுதான். காலத்துக்கும் நிக்கும்னு வாக்குக் குடுக்க மாட்டேன். ஆனா மெல்லும்."

வீட்டுக்கு வந்து சொன்னபோது அத்தை ஆடிப்போனார். "மேல்பல்லப் புடுங்குனாக் கண்ணு போயிரும்டி!"

"போனாப் போகட்டுங்க அத்தை. பூவு கைக்குத் தெரியுமுங்க."

வாயை மூடிய முந்தானைக்குள்ளிருந்துதான் சொன்னார். ஆனாலும் சனிக்கிழமை அல்லாத ஒரு நாளில் அவர் அத்தையிடம் வேடிக்கையாகப் பேசியது அன்றுதான்.

பிறகு சில மாதம் போய் வந்துகொண்டிருந்தோம். இரண்டு பல் போயிற்று. கண் போகவில்லை. ஈறைக் கீறி விலக்கி வேரைச் சுரண்டித் திரும்பத் தைத்தார். தையலோடு கஞ்சி குடித்துக்கொண்டு அக்கா செவ்வந்தி பறித்தார். கடைசியில் அந்த வலதுபக்கப் பல். முதலில் உள்ளே இருந்த நரம்பை எடுத்து மருந்து அடைத்தார். அடுத்த முறை காலால் மிதித்துச் சுற்றுகிற இயந்திரத்தை வைத்துப் பல்லை அறுத்தார். தையல் மிஷின் மாதிரிச் சத்தம், தீய்ந்த வாடை. நான் மாடிப்படியில் போய் உட்கார்ந்துவிட்டேன். அக்கா ஒரு முனகல் கூட விடவில்லை என்று டாக்டர் பிறகு சொன்னார். முனகினால் வாய் அசையும், வாய் அசைந்தால் அந்தப் பாதியும் போய்விடும் என்று அக்காவுக்குப் பயம்.

புண் ஆறிய பிறகு ஒருநாள் மல்லிகைக் கொல்லையில் என்னைக் கூப்பிட்டார். வெயில் பார்த்து நின்று வாயைத் திறந்து காட்டினார். "பாருங்க, பாதிப் பல்லு. நிக்குதா?" ஈறு இளஞ்சிவப்பாக இருந்தது. வாடை இல்லை. நான் முகத்தைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தேன். இடுப்பில் முடிந்து வைத்திருந்த தேங்காய்ச் சில்லை எடுத்து அந்தப் பக்கத்தில் போட்டுக் கடித்தார். கடக் என்று சத்தம் கேட்டது. இரண்டு பேரும் சிரித்தோம். கொல்லையில் வேறு யாரும் இல்லை.

வாடை நின்றது அத்தைக்கும் தெரியாமல் இல்லை. ஆனால் மாலைக்குக் கூப்பிடவில்லை. நான் தயங்கித் தயங்கி டாக்டர் சொன்னதைச் சொன்னேன், இது விளக்காததால் வந்ததில்லை என்று. "உனக்கு அவ சொக்குப்பொடி போட்டு வச்சிருக்கா" என்று சொல்லிவிட்டார். பிறகு அக்காதான் ஒரு வழி சொன்னார்.

"நீங்க சொன்னா நம்ப மாட்டாங்க. டாக்டரே அத்தைகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதுமுங்க. அத்தைக்கும் கடைவாய் வலிக்குதுன்னு சொல்றாங்கல்ல, கூட்டிக்கிட்டுப் போலாமுங்க."

அவருக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். மாலை கட்டுகிற இடத்தில் அவர் மறுபடி உட்கார வேண்டும், அதற்கு அத்தையின் காதில் அந்த ஒரு வார்த்தை விழ வேண்டும்.

அத்தை வந்தார். நாற்காலியில் உட்காரும்போதே, "ஏப்பா டாக்டரு, பாக்க மட்டுந்தேன். கைய வச்ச, கடிச்சுப்புடுவேன்" என்றார். டாக்டர் சிரித்துவிட்டார்.

"கடிக்கிறதுக்குத்தாம்மா பல்லு வேணும். உங்க பல்லுலதான் காரை கட்டிக் கெடக்கு. உங்க மருமக பல்லுல அது கெடையாது."

"அப்ப அவளுக்கு ஏன் இப்புடி ஆச்சு?"

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். டாக்டர் நன்றாக, பொறுமையாக, அத்தைக்குப் புரிகிற மாதிரி எடுத்துச் சொன்னார். அழுக்கு இல்லை, சோம்பல் இல்லை, அந்தப் பெண் மேல் ஒரு குற்றமும் இல்லை என்றார். அக்காவின் விரல்கள் என் கையில் இறுகிக்கொண்டே வந்தன. டாக்டர் நல்ல மனிதர். நல்லது செய்கிற எண்ணத்தில் இன்னும் ஒரு வாக்கியம் சொன்னார்.

"சில குடும்பத்துல இப்படி வர்றதுண்டும்மா. இவங்க அம்மாவுக்கும் சின்ன வயசுலயே எல்லாம் விழுந்திருக்கு. பாவம், இவங்க என்ன செய்வாங்க?"

அத்தை தன் பல்லைக்கூட மறந்து எழுந்துவிட்டார்.

பஸ்ஸில் அக்கா ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து வந்தார். முந்தானை மடியில் கிடந்தது. குளத்துக் கரை வந்தபோது அத்தை கேட்டார்.

"பொண்ணு பாக்க வந்தன்னைக்கு உங்க ஆத்தா வாயில துணிய வச்சுக்கிட்டு நின்னாளே. எதுக்கு?"

அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"சம்பந்தி வீட்டு ஆளுகன்னு மருவாதைக்கு நிக்கிறான்னு நெனச்சேன். ஊருக்கெல்லாம் வந்து சொன்னேன், என்ன மருவாதைங்குறேன்னு." அத்தையின் குரலில் கோபத்தைவிட வெட்கம் அதிகமாக இருந்தது. "அம்புட்டையும் மறைச்சுல்ல கட்டிக் குடுத்திருக்காக."

அக்கா முந்தானையை எடுத்து மெதுவாக வாயில் வைத்துக்கொண்டார்.

அன்று முதல் வீட்டில் பேச்சு மாறியது. முன்பெல்லாம் 'விளக்காதவள்' என்பார்கள். அதற்கு விளக்கினால் போதும் என்று ஒரு வழி இருந்தது. இப்போது 'அவுக வம்சத்துலயே இருக்கு' என்றார்கள். அதற்குக் கரியும் இல்லை, உப்பும் இல்லை, டாக்டரும் இல்லை. பிறக்கிற பிள்ளைக்கும் வரும் என்றார்கள். இதுவரை பிறக்காதது நல்லதாயிற்று என்றும் ஒரு நாள் அத்தை சொன்னார். அக்கா அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

மாமா அய்யலூர்ச் சந்தைக்கு ஆடு பிடிக்கப் போகிறவர். "ஆட்டுக்குக்கூடத் தாடையப் புடிச்சுப் பல்லப் பாத்துத்தேன் வெல பேசுறோம்" என்று வாசலில் உட்கார்ந்து யாரிடமோ சொன்னார். கொழுப்பில் சொன்னதில்லை. ஏமாந்துபோனோம் என்ற ஆற்றாமை. மூத்தவர், அக்காவின் வீட்டுக்காரர், பக்கத்தில்தான் இருந்தார். காதில் விழாதவர் போல வண்டி மாட்டுக்குக் கழுத்தைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

மறுவருஷம் தைக்குப் பிறகு அக்காவின் அண்ணனை வரவழைத்தார்கள். இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் வாசல் பந்தலில் உட்கார்ந்து பேசினார்கள். சண்டை இல்லை. அக்காவைப் பிறந்த வீட்டுக்கே அனுப்பிவிடுவது, கொடுத்தது வாங்கியதெல்லாம் திருப்பிக்கொள்வது என்று முடிவாயிற்று. அக்காவின் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு, "மறைக்கோணும்னு நெனைக்கலீங்க. எங்களுக்கே அது நோவுன்னு தெரியாதுங்க" என்று மட்டும் சொன்னார். வெற்றிலைத் தட்டு சுற்றிவந்தது. எல்லாரும் எழுந்திருக்கப் போகும் நேரத்தில் அக்கா உள்ளேயிருந்து வந்தார்.

முந்தானை இடுப்பில் செருகியிருந்தது. வாயில் கை இல்லை. அவ்வளவு ஆண்களுக்கு முன்னால் பெண்கள் வந்து நிற்பதே வழக்கமில்லை. எல்லாரும் பார்த்தார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை, நிலைப்படியில் நின்ற அத்தையைத்தான் பார்த்தார்.

"ஏனுங்க அத்தை. நீங்களும் அன்னைக்கு வந்தீங்கல்ல. டாக்டர் என்ன சொன்னாருங்க?"

அத்தை முகத்தைத் திருப்பினார்.

"நான் போயிக்கறனுங்க. இருக்கோணும்னு கேக்கலீங்க. என் வாயில அழுக்கில்லைன்னு டாக்டர் சொன்னாருங்களா, இல்லீங்களா? அது ஒண்ணை மட்டும் இவுங்க எல்லாத்துக்கும் முன்னால சொல்லிப்போடுங்க."

"ஏலே, அவளை உள்ள கூட்டிக்கிட்டுப் போங்கடா" என்றார் பந்தலில் ஒருவர். யாரும் அசையவில்லை. மாமா இருமினார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அக்காவின் குரல் அவ்வளவு தெளிவாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. துணி வழியாகவே கேட்டுப் பழகியிருந்தேன்.

அத்தை மெல்ல அக்கா பக்கம் திரும்பினார். பிறகு, தொண்டையைச் செருமிக்கொண்டு, பந்தலைப் பார்த்து உரக்கச் சொன்னார்.

"சொன்னாரு. என் காதால கேட்டேன். அவ வாயில அழுக்கில்ல. என் பல்லைவிட அவ பல்லு சுத்தம்னு சொன்னாரு."

"அது போதுமுங்க" என்றார் அக்கா.

ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு துணி மூட்டையும்தான். அண்ணன் தூக்கிக்கொண்டார். மூத்தவர் கீழே குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தார். அக்கா பஸ் ரோட்டை நோக்கி நடந்தபோது தெருவில் பெண்கள் வாசலுக்கு வந்து நின்றார்கள். ஒவ்வொருத்தியையும் முகத்துக்கு நேரே பார்த்து, வாய் திறந்து, "போறனுங்க, போறனுங்க" என்று சொல்லிக்கொண்டே போனார்.

மறுநாள் அடுப்படி வேலை என்னிடம் வந்தது. எது எது எங்கே இருக்கிறது என்று அத்தை காட்டிக்கொடுத்தார். மத்தியானச் சோறு கொஞ்சம் குழைந்துவிட்டது. எல்லாரும் அதையே சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார்கள்.